ஐரோப்பாவுல டயர் வாங்கும்போது அந்த லேபிள்ல எதைப் பார்க்கணும்?

சென்னையில இருந்து புதுசா ஜெர்மனி, நெதர்லாந்து பக்கம் போனவங்க திரும்பத் திரும்பக் கேக்குற கேள்வி இது. செகண்ட் ஹேண்ட் கார் வாங்கியாச்சு, டயர் மொட்டையா இருக்கு, கடையில ஏ, பி, சின்னு எழுத்து போட்ட ஒரு லேபிளைக் காட்டுறாங்க, எதை எடுக்கிறது? நான் ஜெர்மனியில பல வருஷம் கார் ஓட்டிட்டு இப்ப அண்ணா நகருக்கே திரும்பி வந்தவன். ரெண்டு ஊர்லயும் டயர் வாங்கியிருக்கேன். தனித்தனியா பதில் எழுதுறதுக்கு எல்லாத்தையும் இங்கேயே போட்டுடறேன்.

நம்ம ஊர்ல டயர் வாங்குற விதம் எல்லாருக்கும் தெரியும். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக் கடைக்குப் போனா முதல் கேள்வி பிராண்டு. அடுத்தது, "எத்தனை கிலோமீட்டர் ஓடும்?" கடைக்காரர் பட்டன்ல கட்டை விரலை அழுத்திக் காட்டி, "நாப்பதாயிரம் கண்ணை மூடிட்டு ஓடும் சார்" என்பார். அப்புறம் பழைய டயருக்கு எவ்வளவு கழிப்பீங்கன்னு பேரம். மழையில பிரேக் அடிச்சா எங்க நிக்கும்னு யாரும் கேக்குறதில்ல. வருஷா வருஷம் அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் வேளச்சேரி தண்ணியில மிதக்குது, ஆனாலும் கேக்குறதில்ல. அங்க போனா முதல்ல கேக்க வேண்டியதே அதுதான். இந்த ஒண்ணு மட்டும் மனசுல நின்னாக்கூடப் போதும்.

இனி லேபிள். இப்ப இருக்கிற வடிவம் 2021 மே 1-ல இருந்து ஐரோப்பிய ஒன்றியத்துல நடைமுறைக்கு வந்தது. அதுக்கு முந்தின லேபிள் 2012-ல வந்தது, அதுல எழுத்து ஜி வரைக்கும் போகும். புதுசுல ஏ-ல இருந்து ஈ வரைக்கும் அஞ்சே எழுத்துதான். பழைய பதிவுகளைப் படிச்சுட்டுக் குழம்பாதீங்க. மேல ஒரு க்யூஆர் கோடு இருக்கும். ஸ்கேன் பண்ணினா ஒன்றியத்தோட தரவுத்தளத்துக்குப் போய் அந்த டயரோட விவரத்தைக் காட்டும். கடைக்காரர் வாய்ச்சொல்லைச் சரிபார்க்க அது போதும். ஆன்லைன்ல வாங்கினாலும் லேபிளைக் காட்ட வேண்டியது விற்கிறவங்க கடமை.

பெட்ரோல் பங்க் படம் போட்ட வரிசை எரிபொருள் சிக்கனம். மழை மேகம் போட்ட வரிசை ஈரப் பிடிப்பு. கீழ ஸ்பீக்கர் படம் சத்தம்.

ஈரப் பிடிப்பைத்தான் முதல்ல பார்க்கணும். மணிக்கு 80 கிலோமீட்டர்ல போய் நனைஞ்ச ரோட்டுல முழு பிரேக் அடிச்சா, ஒவ்வொரு எழுத்து இறங்க இறங்க நிக்கிற தூரம் ஏறக்குறைய 3-ல இருந்து 6 மீட்டர் கூடும். நம்ம ஊர்ல வரிக்காகவே நாலு மீட்டருக்குள்ள அடக்கின கார்கள்தான் பாதி. அப்படின்னா ஒரு எழுத்துக்கு ஒரு கார் நீளம். ஏ போட்ட டயர்ல வந்தவன் நின்னுட்டான், சி போட்டவன் இன்னும் ரெண்டு கார் நீளம் தாண்டி, முன்னாடி இருக்கிறவன் டிக்கியில இருப்பான். கத்திப்பாராவுல 30-ல ஊர்ந்த நமக்கு இது பெருசாத் தெரியாது. ஆட்டோபான்ல நவம்பர் மழையில 120-ல போகும்போது தெரியும். என் கணக்கு: கோடைக்கால டயர்னா ஏ இல்லன்னா பி. சிக்குக் கீழ எவ்வளவு மலிவாக் கொடுத்தாலும் தொடாதீங்க.

எரிபொருள் எழுத்து டயரோட உருளும் தடையைச் சொல்லுது. கார் டயர்ல ஏ வாங்கணும்னா, அது தாங்குற ஒவ்வொரு டன் எடைக்கும் தடை 6.5 கிலோவுக்குள்ள இருக்கணும். 10.6-ம் அதுக்கு மேலயும் ஈ. ஒன்றரை டன் கார்னு வெச்சுக்குங்க: ஏ டயர் பின்னால இழுக்கிறது சுமார் 10 கிலோ, ஈ டயர் 16 கிலோ. நாள் முழுக்க, போற வழி முழுக்க. எலெக்ட்ரிக் கார் எடுத்தவங்களுக்கு ரேஞ்சுல நேரா அடி விழும், அதனால இந்த வரிசையையும் கவனிங்க. பெட்ரோல் கார்ல வாரத்துக்கு ஒரு தடவை சூப்பர் மார்க்கெட் போய் வர்றவங்க இதுக்காக ரொம்ப மண்டையை உடைச்சுக்க வேண்டாம்.

இந்த ரெண்டு வரிசையும் ஒண்ணோட ஒண்ணு மல்லுக்கட்டும். டயர் உருளும்போது ரப்பர் அமுங்கி விரியுது. அதுல கொஞ்சம் சக்தி சூடாகி வீணாப் போகுது, அந்த வீணைக் குறைச்சா மைலேஜ் கிடைக்கும். ஆனா ஈர ரோட்டோட பொடிப்பொடி மேடு பள்ளத்தை ரப்பர் பிடிச்சு நிக்கிறதும் அதே வீணாப்போற குணத்தாலதான். ஒண்ணைக் கூட்டினா ஒண்ணு குறையும். ரப்பர் கலவையில கார்பன் கரிக்குப் பதிலா சிலிகா சேர்க்க ஆரம்பிச்ச பிறகுதான் ரெண்டையும் ஓரளவுக்குச் சேர்த்துக் கொண்டுவர முடிஞ்சது. ரெண்டுலயும் ஏ வாங்கின டயர் விலை கூட இருக்கிறது இதனாலதான். பட்ஜெட் இடிச்சா எரிபொருள்ல ஒரு எழுத்தை விட்டுக்கொடுங்க, மழையில விட்டுக்கொடுக்காதீங்க.

சத்தம்: டெசிபல் எண்ணும் பக்கத்துல ஏ, பி, சியும் இருக்கும். 3 டெசிபல் கூடினா ஒலியோட ஆற்றல் ரெண்டு மடங்கு. ஆனா அது ரோட்டோரமா நிக்கிறவன் காதுக்குக் கேக்குற சத்தம், கார் உள்ள உக்காந்திருக்கிற உங்களுக்குக் கேக்குறது இல்ல. கேபின் அமைதியா இருக்கும்னு நம்பி இதைப் பார்த்து வாங்காதீங்க.

லேபிள் சொல்லாததும் நிறைய இருக்கு. எத்தனை கிலோமீட்டர் உழைக்கும்னு ஒரு எழுத்துகூட இல்ல, நம்ம ஆளுங்களுக்கு இதுதான் பெரிய ஏமாற்றம். தேங்கின தண்ணி மேல வழுக்கிட்டுப் போகுமா, காஞ்ச ரோட்டுல வளைவு எப்படி எடுக்கும், பாதி தேய்ஞ்ச பிறகு பிரேக் எப்படி, எதுவும் கிடையாது. சோதனை புது டயர்ல, எழுத்தைக் கொடுக்கிறதும் தயாரிப்பாளரேதான். அதனால லேபிளை வெச்சு நாலஞ்சு டயரைப் பிரிச்சு எடுத்துட்டு, ஜெர்மனியோட ஏடிஏசி மாதிரி வாகன சங்கங்கள் வெளியிடுற டயர் சோதனையில அதே மாடல் என்ன மார்க் வாங்கியிருக்குன்னு பாருங்க. தேய்மானம் எல்லாம் அதுலதான் வரும்.

ஸ்டுட்கார்ட்ல இருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார்: "கார்ல எம் பிளஸ் எஸ் (சேறு, பனிக்கானதுன்னு போடுற குறி) போட்ட டயர் இருக்கு, குளிர்காலத்துக்குப் போதுமாண்ணா?" போதாது. 2024 அக்டோபர் 1-ல இருந்து ஜெர்மனியில, மூணு சிகரம் உள்ள மலைக்குள்ள பனித்துகள் இருக்கிற சின்னம் பக்கச் சுவர்ல இருந்தாத்தான் அது குளிர்கால டயர். அந்தச் சின்னம் லேபிள்லயும் கீழ வரும். ஜெர்மனியில தேதி வெச்ச சட்டம் இல்ல. ரோட்டுல பனி, ஐஸ், உறைபனி இருந்தா அந்த டயர் இருக்கணும், அவ்வளவுதான். இல்லாம மாட்டினா 60 யூரோ அபராதம், கூடவே ஒரு தண்டனைப் புள்ளி. அக்டோபர்ல இருந்து ஈஸ்டர் வரைக்கும்னு அங்க ஒரு வழக்கு உண்டு, அதைப் பின்பற்றினா தப்பு வராது. சென்னையில மார்கழி மாசமே 20 டிகிரிக்குக் கீழ இறங்கினா மப்ளர் கட்டுற கூட்டம் நாம. அங்க 7 டிகிரிக்குக் கீழ போனாலே கோடை டயரோட ரப்பர் விறைக்க ஆரம்பிச்சுடும்னு ஒரு பொதுக் கணக்கு சொல்லுவாங்க.

குளிர்கால டயர்ல ஈரப் பிடிப்பு சின்னு இருந்தா பயப்பட வேண்டாம். கலவையே வேற, பனிக்காகச் செஞ்சது. கோடை டயரோட எழுத்தை இதோட பக்கத்துல வெச்சு ஒப்பிடாதீங்க. குளிர்கால டயரைக் குளிர்கால டயரோட மட்டும் ஒப்பிடுங்க. லேபிள்ல அந்தப் பனிச் சின்னத்தோட ஐஸ் சின்னமும் இருக்கிற டயர் ஸ்வீடன், ஃபின்லாந்து மாதிரி ஊர்களுக்கு. "ரெண்டு சின்னம் இருக்கே, இன்னும் நல்லதாச்சே"ன்னு முனிச்ல இருக்கிறவங்க அதை வாங்கிடாதீங்க. அந்த மிருதுவான ரப்பர் மழை ரோட்டுல சொதப்பும்.

சைஸ் விஷயத்துல நம்ம ஊர்ப் பழக்கத்தை விமான நிலையத்துலயே விட்டுடுங்க. அகலமா இருந்தா கெத்தா இருக்கும்னு ஒரு சைஸ் ஏத்திப் போடுறது அங்க செல்லாது. ஜெர்மன் பதிவுச் சான்றிதழ்ல 15.1, 15.2 கட்டத்துல முன் பின் டயர் சைஸ் இருக்கும். 205/55 ஆர்16 91வின்னா அகலம் 205 மில்லிமீட்டர், பக்கச் சுவரோட உயரம் அதுல 55 சதவீதம், ரிம் 16 இஞ்ச், 91-ங்கிற சுமை எண்படி ஒரு டயர் 615 கிலோ தாங்கும், வி-ங்கிற எழுத்துப்படி மணிக்கு 240 கிலோமீட்டர் வேகம் வரைக்கும் போகலாம். சுமை எண் குறையவே கூடாது. டயர் சுவர்ல டாட்டுன்னு (DOT) தொடங்குற குறியீட்டோட கடைசி நாலு எண்ணையும் பாருங்க: 2324ன்னா 2024-ம் வருஷம் 23-வது வாரம் செஞ்சது. தள்ளுபடியில வர்றது பல சமயம் கோடவுன்ல தூங்கின சரக்கு.

டெக்சாஸ்ல இருந்து கேட்ட அக்காவுக்கு: உங்க ஊர்ல இந்த லேபிள் இல்ல. டயர் சுவர்லயே டிரெட்வேர், அதாவது தேய்மானத்துக்கு ஒரு எண், டிராக்ஷன், அதாவது பிடிப்புக்கு ஏஏ-ல இருந்து சி வரைக்கும், வெப்பம் தாங்க ஏ, பி, சின்னு பொறிச்சிருக்கும். டிரெட்வேர் 100-ங்கிறது ஒப்பீட்டு டயர், 400-ன்னா அதோட நாலு மடங்கு உழைக்கும்னு கணக்கு. இந்த எண்ணையும் கம்பெனியே கொடுக்குது, அதனால ஒரு பிராண்டோட எண்ணை இன்னொரு பிராண்டோட எண்ணோட ஒப்பிட்டு முடிவெடுக்காதீங்க. டிராக்ஷன் எழுத்து நனைஞ்ச ரோட்டுல நேராப் பிரேக் அடிச்சதுக்கு மட்டும்தான், வளைவுக்கு இல்ல.

கடைசியா, ரெண்டு டயர் மட்டும் மாத்தினா எங்க போடுறதுன்னு ரெண்டு மூணு பேர் கேட்டிருந்தீங்க. முன் சக்கரம்தானே இழுக்குது, புதுசை முன்னாடி போடுங்கன்னு நம்ம கடைகள்ல சொல்லுவாங்க. முன் சக்கர டிரைவ் காரா இருந்தாலும் புதுசைப் பின்னாடி போடச் சொல்லுங்க. மழையில முன்பக்கம் வழுக்கினா காலை ஆக்சிலரேட்டர்ல இருந்து எடுத்துச் சமாளிச்சுடலாம், பின்பக்கம் வழுக்கினா வண்டி சுத்திடும்.