ஷாட்கன்னா, துண்டா?

வண்டியில் உட்காரும் இடங்களுக்கு அவரவர் வீட்டில் என்ன பெயர் என்று பேச்சு வந்ததால், எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

அமெரிக்காவிலிருந்து தங்கை மகன் கடலூர் வந்திருந்தான். மஞ்சக்குப்பத்திலிருந்து எல்லோரும் இன்னோவாவில் மணக்குள விநாயகர் கோயிலுக்குக் கிளம்பினோம். வண்டி வாசலில் நின்றதுமே பையன் "ஷாட்கன்!" என்று கத்தினான். அங்கே குதிரை வண்டிக் காலத்தில் ஓட்டுநர் பக்கத்தில் துப்பாக்கியோடு ஒரு காவலாள் உட்கார்ந்து வருவானாம். அதனால் முன்சீட்டுக்கு அந்தப் பெயர். முதலில் கத்துகிறவனுக்கு இடம்.

ஆயா (பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவோம்) எதையும் காதில் வாங்காமல் முன்கதவைத் திறந்து உட்கார்ந்துவிட்டது. பையன், "நான்தான் முதல்ல சொன்னேன்!" என்றான்.

"சொன்னா ஆச்சா? நான் அப்பவே துண்டு போட்டாச்சு."

பார்த்தால் சீட்டில் மஞ்சப்பை. கடலூர் பஸ் ஸ்டாண்டில் சிதம்பரம் வண்டி திரும்பி நிற்பதற்குள் ஜன்னல் வழியாகக் கைக்குட்டை, டிபன் பாக்ஸ் எல்லாம் பறப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சட்டம் தெரியும். வெறும் வாய்ச்சொல்லுக்கு இங்கே மதிப்பில்லை. (டயர் சீட்டில் மட்டும் யாரும் துண்டு போட மாட்டார்கள். முட்டி மோவாயில் இடிக்கும்.)

பையனுக்கு டிக்கிதான் கிடைத்தது. கடைசி வரிசையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். "டிக்கின்னா சாமான் வைக்கிற இடம்" என்று மாமா திருத்துவார். ஆனால் பழைய ஆங்கிலேயர் கார்களில் பின்னால் மடக்கி விரிக்கும் திறந்த சீட்டுக்குத்தான் டிக்கி என்று பெயர். சீட்டு போன பிறகும் பெயர் நம்மிடம் தங்கிவிட்டது. ஆக, தெரியாமலே சரியாகத்தான் சொல்லியிருக்கிறோம்.

ரெட்டிச்சாவடி தாண்டும் வரை அவன் முகம் தூக்கியே இருந்தது. 'நான் உன் வயதில் அப்பா பைக்கில் பெட்ரோல் டேங்க் மேலே உட்கார்ந்து வெள்ளிக் கடற்கரைக்குப் போவேன், பின்னால் அம்மா, மடியில் உன் அம்மா' என்று சொன்னதும் கொஞ்சம் சிரித்தான். அந்த இடத்துக்கு என்ன பேர் என்று கேட்டான். டேங்க்தான், வேறென்ன!

தரிசனம் முடிந்து ஆயா பூ வாங்கிக்கொண்டிருந்தபோது அவன் ஓடிப்போய்த் திறந்திருந்த ஜன்னல் வழியாகத் தொப்பியை முன்சீட்டில் எறிந்துவிட்டு வந்தான். ஆயா நிதானமாக வந்தது, தொப்பியை எடுத்து அவன் தலையில் மாட்டியது, உட்கார்ந்துகொண்டது.