இனிஷியலில் இருக்கிற அப்பா

"மிஸ்டர் பேச்சிமுத்து" என்று யாராவது கூப்பிட்டால் இன்றைக்கும் ஒரு நொடி அப்பா எங்கே என்று தேடுவேன். ஷார்ஜாவில் பதினோரு வருஷம் அந்தப் பெயரில்தான் வேலை பார்த்தேன். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் சர்நேம் என்று ஒரு கட்டம் உண்டு. நமக்கு ஏது சர்நேம்? எழுதிக் கொடுத்தவர் இனிஷியலை விரித்து அப்பா பெயரை அங்கே போட்டுவிட்டார். அவ்வளவுதான், என் பெயர் போச்சு. சூப்பர்வைசர் எகிப்துக்காரர், அவர் வாயில் அதுவும் 'பேஷி' ஆகிவிட்டது.

என் பெயர் சுடலைமுத்து. தாத்தா பெயரும் அதுதான். தென்காசிப் பக்கம் எங்கள் வீட்டில் மூத்தவனுக்குத் தாத்தா பெயர்தான் வைப்பார்கள். பேரன் என்றாலே பெயரன்தானே. ஆக நான்கு தலைமுறைக்கு இரண்டே பெயர், இனிஷியல் மட்டும் இடம் மாறும். பழைய பத்திரத்தைப் பிரித்தால் எது எந்தப் பேச்சிமுத்து என்று எங்களுக்கே குழப்பம் வரும்.

பாடு என்னவோ வீட்டுப் பெண்களுக்குத்தான். ஆச்சி புருஷன் பெயரைச் சொல்ல மாட்டாள். ரேஷன் கார்டுக்குக் கேட்டால், "சுடுகாட்டுப் பக்கம் நிக்குமே, அந்தச் சாமி பேரு" என்பாள். அம்மாவுக்கு அது மாமனார் பெயர், வாயில் வரக் கூடாது. அதனால் வீட்டில் நான் 'துரை'. அப்பாவுக்கோ திட்டும்போதுதான் சங்கடம். பெற்ற தகப்பன் பெயரைச் சொல்லி எப்படி ஏசுவது? கையை ஓங்குவார், "ஏலே" என்பார், அதற்குமேல் வார்த்தை வராது. நான் அடி வாங்காமல் வளர்ந்தது தாத்தா புண்ணியம்.

ஷார்ஜா கதையை அப்பாவிடம் போனில் சொன்னபோது கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் கேட்டார்: "அப்ப அவன் ஏசுனா என்னையில்லா ஏசுதான்?" அதிலிருந்து வெள்ளிக்கிழமை போன் போட்டால் முதல் கேள்வியே, "இந்த வாரம் என்னைய என்ன சொன்னான்?" ஒரு தடவை சம்பளம் கூட்டியிருக்கிறார்கள் என்றேன். "பேச்சிமுத்து வேலைக்காரம்லா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆயுசு முழுக்க அடுத்தவர் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிய மனுஷன். அவரை யாரும் மிஸ்டர் போட்டுக் கூப்பிட்டதில்லை.

என் மகனுக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. வீட்டுக்காரிக்குப் பிடிக்கவில்லை என்று ஊரில் சொல்லிவிட்டேன். அது பொய். பள்ளிக்கூடத்தில் கேலி செய்வார்களே என்று எனக்குத்தான் பயம். "கூப்பிட லேசா இருக்கு" என்றார் அப்பா. வேறொன்றும் சொல்லவில்லை.

* * *

சுடலைமுத்து அண்ணாச்சி எழுதியதைப் படித்தேன். நான் மகளைத் தனியாக வளர்க்கிற அம்மா. எங்கள் வீட்டில் இனிஷியல்தான் பிரச்சினையே. 2016 டிசம்பரில் பாஸ்போர்ட் விதியை மாற்றினார்கள். அப்பா, அம்மா இரண்டு பேர் பெயரும் கட்டாயமில்லை, ஒருவர் பெயர் போதும் என்று. அடுத்த வருஷமே மகளுக்கு விண்ணப்பித்தேன், என் பெயரை மட்டும் எழுதி. கவுன்டரில் இருந்தவர் காலிக் கட்டத்தைப் பேனாவால் தட்டினார்.

"அப்பா பேரு விட்டுப்போச்சும்மா."

"விட்டுப்போகல சார். விட்டுட்டுப் போயிட்டாரு."

சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் முத்திரையைக் குத்தினார் பாவம்.

பெற்றோர் கூட்டத்துக்குப் போனது, சைக்கிள் பழக்கியது, காய்ச்சலில் ராத்திரி முழுக்கத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தது எல்லாம் என் அப்பா. எந்தக் கட்டத்திலும் அவர் பெயர் இல்லை.

* * *

முதலில் எழுதிய சுடலைமுத்து அண்ணாச்சிக்கு இரண்டு பெயர்ப் பிரச்சினை. எங்கள் அப்பாவுக்கு ஒரே பெயர், அதுதான் வினை. பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலி. துபாயில் தங்கைக்குக் குழந்தை பிறந்திருந்தது. 2022 நவம்பர் கடைசியில் பேரனைப் பார்க்கப் போக டிக்கெட் எடுத்தாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து, பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் இருந்தால் விசிட் விசாவில் வரக் கூடாது என்று அமீரகத்தில் அறிவித்துவிட்டார்கள். கட்டிய பெட்டியை அவிழ்க்க அம்மா சம்மதிக்கவில்லை. முறுக்கு, தேன்குழல், குழந்தைக்கு வசம்பு வளையல் எல்லாம் உள்ளே. சில நாளிலேயே தளர்த்தினார்கள்: பாஸ்போர்ட்டில் இன்னொரு பக்கத்தில் தகப்பன் பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும். அப்பா பாஸ்போர்ட்டில் கடைசிப் பக்கத்தில் அது இருந்தது, யார் பார்த்தது அதுவரைக்கும்!

செக்-இன் கவுன்டரில் இருந்த பெண் கடைசிப் பக்கத்தைத் திருப்பி எங்கள் தாத்தா பெயரை வாசித்தாள். அவர் செத்து முப்பது வருஷம். மாட்டு வண்டிக்குமேல் எதிலும் ஏறாதவர். அந்தப் பெண் வடநாட்டுப் பிள்ளை, 'ழ' வரவில்லை. கூட நின்ற எனக்கு அதெல்லாம் பெரிதாகப் படவில்லை, விட்டால் போதும் என்றிருந்தது. அப்பா விடவில்லை. பின்னால் அவ்வளவு வரிசை நிற்க, எழுத்து எழுத்தாக இரண்டு தடவை சொல்லித் திருத்தினார்.