மலக்குடல் கேன்சர், ஆபரேஷன், வயித்துல பை: அனுபவம் இருக்கறவங்க எழுதுங்க

கரூர் பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். எங்கப்பாவுக்கு மலக்குடல்ல கேன்சர் வந்து ஆபரேஷன் முடிஞ்சு இப்ப நல்லா இருக்காரு. இத எழுதறதுக்குக் காரணம் எங்க சொந்தத்துல நடந்த ஒரு விஷயம். இதே வியாதி வந்த ஒரு பெரியப்பா "வயித்துல பை வெச்சு அதுல வெளிக்கிப் போறதுக்கு நான் செத்தே போயிடறேன்"னு சொல்லிட்டு ஆபரேஷன் வேணாம்னு பொடி, கஷாயம்னு அலைஞ்சாரு, கடைசில கட்டி குடலையே அடச்சு வயிறு ஊதி ராத்திரி எமர்ஜென்சியா தூக்கிட்டு ஓடுனப்ப உயிரக் காப்பாத்த அதே பையத்தான் வெச்சாங்க, ஆனா அதுக்குள்ள கேன்சர் ஈரலுக்குப் போயிருச்சு. அந்தப் பை பயத்தப் பத்தி யாரும் வாய தொறந்து பேச மாட்டேங்கறாங்க, அதான் நான் ஆரம்பிக்கறேன்.

அப்பாவுக்கு மொதல்ல மோஷன்ல ரத்தம் வந்துச்சு. மூலம்னு சொல்லி மாசக்கணக்கா களிம்பும் மாத்திரையும்தான் குடுத்தாங்க. விரல் விட்டு ஒரே ஒரு தடவ பாத்திருந்தா தட்டுப்பட்டிருக்கும், அவ்ளோ கீழ இருந்துச்சு கட்டி. நினைக்கறப்பல்லாம் எனக்கு ஆறல. தயவுசெஞ்சு நாப்பது வயசு தாண்டுன யாருக்கு ரத்தம் வந்தாலும் சரி, சின்ன வயசுக்காரங்களுக்கு நிக்காம வந்துட்டே இருந்தாலும் சரி, மூலம்னு முடிவு கட்டறதுக்கு முன்னாடி கொலனோஸ்கோபி, அதான் குடலுக்குள்ள கேமரா விட்டுப் பாக்கற டெஸ்ட், கேளுங்க.

அப்புறம் பயாப்ஸி (கட்டில கொஞ்சம் சதை எடுத்து டெஸ்ட் பண்றது), சிடி, இடுப்புக்கு எம்ஆர்ஐ. சிடி எடுத்தாச்சே எம்ஆர்ஐ எதுக்குன்னு கேட்டதுக்கு சர்ஜன் ஒரு பேப்பர்ல படம் போட்டுக் காமிச்சாரு. மலக்குடல சுத்தி ஒரு கொழுப்பு உறை இருக்கு, நெறிக்கட்டியெல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு, கட்டிக்கும் அந்த உறையோட ஓரத்துக்கும் நடுவுல எத்தன மில்லிமீட்டர் இருக்குன்னு எம்ஆர்ஐல தெரியும், அதப் பாத்துதான் மொதல்ல ரேடியேஷனா இல்ல நேரா ஆபரேஷனான்னு முடிவு பண்ணுவோம்னாரு.

அந்த உறையப் பத்தி வீட்டுக்கு வந்து தேடித் தேடிப் படிச்சேன். இங்கிலாந்துல பேசிங்ஸ்டோக்னு ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரில பில் ஹீல்ட்னு ஒரு சர்ஜன் 1982ல எழுதுனது, கேன்சர் அதே எடத்துல திரும்ப வர்றதுக்குக் காரணம் இந்த உறையில மிச்சம் விட்டுட்டு வர்றதுதான், அதனால கைய விட்டு பிச்சு எடுக்காம கண்ணால பாத்துப் பாத்து கத்தரிச்சு உறை கிழியாம முழுசா எடுக்கணும்னு. அதுக்கு முன்னாடி நெறைய ஆஸ்பத்திரில நாலு பேர்ல ஒருத்தருக்கு அதே எடத்துல திரும்ப வந்துட்டிருந்துச்சு. அவர் ஸ்டாக்ஹோம் போய் அங்க இருக்கற சர்ஜன்களுக்கு சொல்லிக் குடுத்தப்புறம் அந்த ஊர்ல திரும்ப வர்றதும் கொறஞ்சுது, நிரந்தரப் பை வெக்கறதும் கொறஞ்சுது. புது மருந்தே கிடையாது, வெட்டற முறைய மாத்துனதுல வந்த பலன். இதப் படிச்சப்புறம்தான் "உறையோட முழுசா எடுக்கற முறைலதான பண்ணுவீங்க"ன்னு எங்க சர்ஜன்கிட்ட தைரியமா கேட்டேன், அவரும் கோவப்படாம பதில் சொன்னாரு.

அப்பாவுக்கு அஞ்சு வாரம் ரேடியேஷன், கூடவே கேப்சிடபின்னு கீமோ மாத்திரை, கொஞ்ச நாள் ஆறவிட்டு லேப்ராஸ்கோப்பில ஆபரேஷன். கீழ ரொம்ப கிட்டத்துல ஸ்டேப்லர் வெச்சு குடல சேத்தாங்க. அந்த மாதிரி கீழ சேக்கற எடம் லீக் ஆனா உயிருக்கே ஆபத்து, அதனால அது ஆறுற வரைக்கும் சிறுகுடல வயித்துப் பக்கம் திருப்பி தற்காலிகப் பை. அப்புறம் கீமோ, அதுக்கப்புறம் பைய மூடிட்டாங்க.

பைய மூடுனதும் எல்லாம் பழையபடி ஆயிடும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. மலத்த தேக்கி வெக்கற எடத்தையே எடுத்துட்டாங்கல்ல, அதனால அப்பா ஒரு நாளைக்கு பல தடவ ஓடுனாரு, வந்துச்சுன்னா அடக்க முடியல, கல்யாணம் காட்சிக்கே போகல. இதுக்கு டாக்டருங்க தனியா ஒரு பேரே வெச்சிருக்காங்க, லார்ஸ்னு சொல்றாங்க. சாப்பிடற நேரத்த ஒழுங்கு பண்ணி, இடுப்புத்தள எக்ஸர்சைஸ், மோஷன் போறத கொறைக்க டாக்டர் எழுதிக் குடுத்த லோபரமைடு மாத்திரைனு மெதுவாத்தான் சரியாச்சு. இத ஆபரேஷனுக்கு முன்னாடியே வீட்ல எல்லாருக்கும் சொல்லிடணும்.

ஸ்டோமா நர்ஸ், சென்னை:

நல்லா எழுதியிருக்கீங்கம்மா. ஸ்டோமான்னா குடல வெளிய கொண்டு வந்து வயித்துல வெக்கற வாய், அது மேலதான் பைய ஒட்டறது. நான் பல வருஷமா ஸ்டோமா பேஷண்டுங்களோடதான் இருக்கேன். ஒண்ணு சொல்லிடறேன், பை கசியறது, தோல் புண்ணாகறதுக்கு ஒரு பெரிய காரணம் எடம் சரியா பாக்காததுதான். ஆபரேஷனுக்கு முன்னாடியே பேஷண்ட்ட நிக்க வெச்சு, உக்கார வெச்சு, குனிய வெச்சு, வேட்டியோ புடவையோ எங்க கட்டறாங்க, மடிப்பு எங்க விழுதுன்னு பாத்து மார்க் பண்ணணும். படுக்க வெச்சு மட்டும் பாத்தா எழுந்து உக்காந்ததும் ஸ்டோமா தொப்பை மடிப்புக்குள்ள போயிடும். உங்க ஆஸ்பத்திரில யாரும் மார்க் பண்ண வரலன்னா நீங்களே கேளுங்க.

ஸ்டோமா பாக்க உதட்டு உள்பக்கம் மாதிரி செகப்பா ஈரமா இருக்கணும். தொட்டா வலிக்காது. கறுத்துப் போனா ஒரு நிமிஷம் கூட வெயிட் பண்ணாம ஆஸ்பத்திரிக்கு வாங்க. பையோட ஓட்டைய ஸ்டோமா அளவ விட ரெண்டு மூணு மில்லிமீட்டர் மட்டும் பெருசா வெட்டணும், பெருசா வெட்டிட்டா தோல் வெந்துரும். மூணுல ஒரு பங்கு ரொம்புனதுமே காலி பண்ணிடணும், முழுசா ரொம்பவிட்டா கனம் தாங்காம பிச்சுக்கும்.

சிறுகுடல் பைக்காரங்க உப்பையும் தண்ணியையும் வேகமா இழப்பாங்க. நம்ம வெயில்ல இது இன்னும் மோசம். வெறும் தண்ணியா குடிச்சுட்டே இருந்தா போதாது, ஓஆர்எஸ், உப்பு போட்ட கஞ்சி, மோர் குடிக்கணும். ஜவ்வரிசி, வாழப்பழம் கெட்டியாக்கும். தேங்கா, காளான், சோளம் எல்லாம் நல்லா மென்னு சாப்பிடலன்னா அடச்சுக்கும். தலை சுத்துது, யூரின் கொறஞ்சிருச்சுன்னா வீட்ல வெச்சுப் பாத்துட்டு இருக்காதீங்க.

கோவை லேத்:

எனக்கு நிரந்தரப் பைங்க. கட்டி ஆசனவாய் சதையவே புடிச்சிருந்ததால அதையும் சேத்து எடுத்துட்டு கீழ தெச்சு மூடிட்டாங்க. டாக்டர் சொன்னப்ப நானும் மொதல்ல மாட்டேன்னுதான் சொன்னேன், வீட்டுக்காரம்மாதான் கையப் புடிச்சுட்டு "பையோட இருந்தாலும் நீங்க இருக்கோணும்"னு அழுதாங்க, அதுக்கு மேல என்னால ஒண்ணும் பேச முடியலீங்க.

இந்த ஆபரேஷன் லண்டன்ல மைல்ஸ்ங்கற சர்ஜன் 1908ல எழுதுனதுங்க. அதுக்கு முன்னாடி அவரே கீழ் வழியா மட்டும் எடுத்ததுல 57 பேர்ல 54 பேருக்கு திரும்ப வந்துருச்சு, அதப் பாத்துட்டுத்தான் வயித்து வழியாவும் கீழ் வழியாவும் சேத்து எடுக்க ஆரம்பிச்சாரு. தான் பண்ணுனது பலிக்கலீன்னு கணக்கு எழுதி வெளிய சொன்ன மனுசன், அந்த நேர்மைல பொழச்சவங்க எத்தனையோ பேருங்க, நானும் ஒருத்தன்.

இப்ப நான் தினமும் காலைல ஸ்டோமா வழியா வெதுவெதுப்பா தண்ணி விட்டுக் கழுவிடறேன், நர்ஸம்மாதான் சொல்லிக் குடுத்தாங்க. பெரும்பாலும் அடுத்த நாள் வரைக்கும் ஒண்ணும் வராது. இது பெருங்குடல் இடது பக்க பைக்குத்தான், சிறுகுடல் பைக்காரங்க பண்ணக்கூடாதுங்க. லேத்துல நின்னு வேல செய்யறேன், பைக் ஓட்டறேன், மருதமலைக்கும் போறேன். கோயிலுக்குப் போலாமான்னு நெறைய பேர் தயங்கறாங்க, உள்ள இருந்த குடலு வெளிய தெரியுது அவ்ளவுதான், தாராளமா போங்க.

ஆம்பளைங்க யாரும் எழுத மாட்டாங்க, நான் எழுதறேன். அந்த உறைய ஒட்டியேதான் ஒண்ணுக்குப் போறதுக்கும் தாம்பத்தியத்துக்கும் உண்டான நரம்பெல்லாம் ஓடுதுங்களாம். ஆபரேஷன்லயோ ரேடியேஷன்லயோ அது அடிபடலாம். எனக்கு கொஞ்சம் பாதிப்பு இருக்கு. கூச்சப்படாம முன்னாடியே கேட்டுக்கோணும், புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து கேக்கோணும்.

ரொறன்ரோ அக்கா:

எனக்கு வந்தது பெருங்குடலின்ர வலப்பக்கம். பை வைக்கேல்லை, அதையும் இங்க எழுத வேணும், ஏனெண்டால் குடல் கான்சர் எண்டாலே பைதான் எண்டு எங்கட ஆக்கள் நினைக்கினம். எனக்கு ரத்தம் கண்ணுக்குத் தெரிஞ்சதே இல்லை. ஒரே களைப்பு, படியேற மூச்சு வாங்கும், ரத்தப் பரிசோதனையில இரும்புச்சத்து சரியான குறைவு, அதைப் பிடிச்சுக்கொண்டு போய்த்தான் கொலனோஸ்கோபியில கண்டுபிடிச்சவை. மாதவிலக்கு நிண்ட பிறகு ரத்தசோகை வந்தால் லேசா எடுக்காதேங்கோ.

வலப்பக்கக் குடலை வெட்டி அங்கேயே பொருத்திவிட்டினம். ரிப்போட்டில எத்தனை நெறிக்கட்டி பார்த்தவை எண்டு இருக்கும், குறைஞ்சது 12 ஆவது பார்த்திருக்க வேணும், அப்பதான் ஸ்டேஜை நம்பலாம் எண்டு சொன்னவை. எனக்கு ஸ்டேஜ் மூண்டு, ஒக்சாலிபிளாட்டின் கீமோ. அது ஏத்தினால் குளிரைத் தொடேலாது, பிரிட்ஜ் கைபிடியைப் பிடிச்சாலே விரல் எல்லாம் கரண்ட் அடிக்கிற மாதிரி, தொண்டையும் இறுகும். ரொறன்ரோ ஜனவரியில இந்தக் கீமோ எடுத்ததை நினைச்சால் இப்பவும் உடம்பு நடுங்குது. விரல் மரத்துப்போறது நிக்காமல் இருந்தால் டொக்டரிட்டச் சொல்லுங்கோ, மருந்தின்ர அளவைக் குறைப்பினம். நான் சொல்லித்தான் குறைச்சவை.

இன்னொண்டு. கனடா, அவுஸ்திரேலியாப் பக்கம் நடந்த ஒரு ஆராய்ச்சி 2025ல வந்தது, கீமோ முடிஞ்ச 889 பெருங்குடல் கான்சர்காரரில பாதிப்பேருக்கு மூண்டு வருசம் பயிற்சியாளரை வைச்சு உடற்பயிற்சி, மற்றவைக்குப் புத்தகம் மட்டும். பயிற்சி செய்தவைக்கு கான்சர் திரும்பி வாறது, புதுசா வாறது, இறப்பு எல்லாம் சேர்த்து 28 சதவீதம் குறைவு. மருந்து இல்லை பாருங்கோ, நடை. எனக்கு நரம்பு மரத்த காலோட நடக்கக் கஷ்டம்தான், ஆனாலும் மோலுக்குள்ளயாவது நடக்கிறன்.

திண்டுக்கல் மகன்:

அம்மாவுக்கு மலக்குடல்ல கட்டி, போன வாரம்தான் பயாப்ஸி வந்துச்சு. பை வெப்பாங்கன்னு கேட்டதுல இருந்து சாப்பிடவே மாட்டேங்கறாங்க. ஊசியிலேயே கட்டி கரைஞ்சுடுமாம், ஆபரேஷனே வேணாமாம்னு ஒரு வீடியோ பாத்தேன், உண்மையா? எங்க போடறாங்க?

ஸ்டோமா நர்ஸ், சென்னை:

தம்பி, அந்த நியூஸ் உண்மைதான், ஆனா எல்லாருக்கும் இல்ல. நியூயார்க் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் கேன்சர் ஆஸ்பத்திரில டோஸ்டார்லிமாப்னு ஒரு மருந்த மூணு வாரத்துக்கு ஒரு தடவ ஆறு மாசம் குடுத்தாங்க. 2022ல வந்த ரிசல்ட்ல 12 பேருக்கும் கட்டி முழுசா மறைஞ்சுருச்சு, 2025ல 49 மலக்குடல் பேஷண்டுக்கும் அதே மாதிரி. ஆனா அவங்க எல்லாருக்குமே டிஎன்ஏ ரிப்பேர் பண்ற எம்எம்ஆர் புரோட்டீன் வேல செய்யாத வகைக் கட்டி. மலக்குடல் கேன்சர்ல நூத்துல பத்து பேருக்குள்ளதான் அந்த வகை. விலையும் நம்மால நினைச்சுப் பாக்க முடியாத விலை.

அந்த வகை இல்லன்னாலும் வழி இருக்கு. பிரேசில் சாவோ பாலோவுல ஏஞ்சலிடா ஹாபர் காமான்னு ஒரு பெண் சர்ஜன், ரேடியேஷனும் கீமோவும் முடிஞ்சு கட்டி முழுசா போயிட்டவங்கள வெட்டாம கண்காணிச்சு 2004ல ரிசல்ட் போட்டாங்க. அப்ப நெறைய சர்ஜனுங்க ஒத்துக்கவே இல்ல. இப்ப பெரிய சென்டர்ல எல்லாம் பண்றாங்க. ஆனா மூணு நாலு மாசத்துக்கு ஒரு தடவ விரல் வெச்சுப் பாக்கணும், கேமரா போடணும், எம்ஆர்ஐ எடுக்கணும். சில பேருக்கு திரும்ப வளரும், பெரும்பாலும் மொதல் ரெண்டு மூணு வருஷத்துல, அப்ப ஆபரேஷன் பண்ணித்தான் ஆகணும். ஊருக்குப் போயிட்டு பரிசோதனைக்கு வராம இருந்துட்டா இந்த வழி ஆபத்தா முடியும், எனக்கு இருக்கற பெரிய கவலையே அதுதான்.

அம்மாவுக்கு இப்ப செய்ய வேண்டியது, பயாப்ஸி பண்ணுன லேப்ல அந்தத் துண்டு மெழுகுக் கட்டியா இருக்கும், அதுலயே எம்எம்ஆர் டெஸ்ட் பண்ணலாம், திரும்ப சதை எடுக்க வேண்டியதில்ல. டாக்டர்கிட்ட எழுதி வாங்குங்க. அதுல குறைபாடுன்னு வந்தா உங்களுக்கும் உங்க கூடப் பொறந்தவங்களுக்கும் பரம்பரையா இருக்கான்னு பாக்கணும், அது அப்புறம். எம்ஆர்ஐல கட்டி ஆசனவாய்க்கு எத்தன சென்டிமீட்டர் மேல இருக்குன்னு பாத்து இங்க போடுங்க. பை வருமா வராதா, வந்தா தற்காலிகமா நிரந்தரமான்னு அதுக்கப்புறம்தான் பேச முடியும்.

கரூர் பொண்ணு:

திண்டுக்கல் அண்ணா, அம்மாவ எங்கப்பாகிட்ட போன்ல பேச சொல்றீங்களா? அவரே கேட்டாரு.