டிஸ்க்ல 0.2 டிபி மிச்சம் காட்டுது, ஆனா இடமே இல்லைங்குது, உதவி வேணும்

மாட்டுங்கா மீடியா:
எல்லாருக்கும் வணக்கம். மும்பை வீட்ல பழைய டெஸ்க்டாப்ல உபுண்டு போட்டு ஜெல்லிஃபின் (வீட்டு வீடியோவை டிவில பாக்குற சர்வர்) ஓட்டுறேன், ஓஎஸ்ஸுக்கு சின்ன எஸ்எஸ்டி, மத்ததெல்லாம் ஒரே ஒரு 4 டிபி டிஸ்க், ஃபைல் சிஸ்டம் இஎக்ஸ்டி4. நேத்து அம்மா தாத்தாவோட சதாபிஷேக வீடியோ பாத்துட்டு இருந்தாங்க, தாத்தா தலையில கலச தண்ணி ஊத்துற இடத்துல அப்படியே நின்னுடுச்சு. டிஎஃப்னு டிஸ்க் இடம் காட்டுற கமாண்ட் அடிச்சு பாத்தா மொத்தம் 3.6, யூஸ் ஆனது 3.4, அவெய்லபிள் 0. அந்த 0.2 எங்க போச்சு? பழைய சீரியல் 60 ஜிபி டெலீட் பண்ணேன், அப்பவும் அதே 0. மினிடிவி (பழைய கேம்கார்டர் கேசட்) டேப்ல இருந்து எடுத்தது மட்டும் 22 ஃபைல், ஒண்ணொண்ணும் 13 ஜிபி. எச்.265னு சின்னதா அமுக்குற ஃபார்மட்டுக்கு ஆக்கிட்டு ஒரிஜினலை அழிச்சுடலாமான்னு பாக்குறேன்.

செம்பூர் லினக்ஸ்:
ப்ரோ, இஎக்ஸ்டி4 ஃபார்மட் பண்ணும்போதே 5% ரூட்டுக்குன்னு (அட்மின் யூசர்) ஒதுக்கி வச்சிடும், 4 டிபில அது 200 ஜிபி, சாதா யூசருக்கு குடுக்காது. வெறும் டேட்டா டிஸ்க்னா அவ்ளோ தேவையில்ல, டியூன்2எஃப்எஸ் கமாண்ட்ல மைனஸ் எம் 1 குடுங்க, ஒதுக்கீடு 1% ஆயிடும், அன்மவுண்ட் கூட பண்ண வேணாம், 160 ஜிபி திரும்ப வரும். டெலீட் பண்ணது ஃபைல் மேனேஜர்லயா? அப்ப அதே டிஸ்க்ல டாட் ட்ராஷ்-1000னு மறைஞ்ச ஃபோல்டர்ல கெடக்கும், அதையும் காலி பண்ணுங்க.

சயான் அக்கா:
தம்பி, ஒரிஜினல்ல கை வைக்காதீங்க ப்ளீஸ். அந்த மினிடிவி ஃபைல் இன்டர்லேஸ்டா (ஒண்ணுவிட்டு ஒண்ணு கோடா பதிஞ்சு) இருக்கும், ஒரு தடவை அமுக்கிட்டா பழைய தரம் திரும்ப வராது. பாக்குறதுக்குன்னு தனியா எச்.264 காப்பி போடுங்க, மணிக்கு ரெண்டு ஜிபி தாராளம். இப்ப டிவி பொட்டிக்கு அந்த ஃபார்மட் புரியாததால சர்வர் ஓடஓட டிரான்ஸ்கோட் பண்ணுது, அதாவது வேற ஃபார்மட்டுக்கு மாத்துது, அந்த டெம்ப் ஃபோல்டரும் இதே டிஸ்க்லயா இருக்கு? இருந்தா அதான் பாதியில நின்னதுக்கு காரணம், எஸ்எஸ்டிக்கு மாத்துங்க. டேப்லாம் பத்திரமா இருக்கா?

மாட்டுங்கா மீடியா:
ஆமாக்கா, அதே டிஸ்க்தான். டேப்ல மழைக்கால ஈரத்துக்கு பூஞ்சை புடிச்சிருச்சு, பிரிச்சு பாத்தா ஓரமெல்லாம் வெள்ளையா படிஞ்சிருக்கு, கேமராவும் ரிப்பேர்.

சயான் அக்கா:
அப்ப இருக்குறது ஒரே காப்பிதான்னு ஆச்சு தம்பி. இடப் பிரச்சனைய அப்புறம் பாத்துக்கலாம், நாளைக்கே லாமிங்டன் ரோடு போய் 1 டிபி எக்ஸ்டெர்னல் ஒண்ணு வாங்கி மொதல்ல இந்த 22ஐயும் காப்பி பண்ணுங்க. 286 ஜிபிதான் வருது.

மாட்டுங்கா மீடியா:
வாங்கிட்டேன் அக்கா, காப்பி முடிஞ்சுது. ட்ராஷ்ல அந்த 60 ஜிபி அப்படியே இருந்துச்சு, செம்பூர் ப்ரோ சொன்ன 160ம் வந்துடுச்சு. காப்பி சரியா விழுந்துச்சான்னு எப்படி பாக்குறது?

செம்பூர் லினக்ஸ்:
ஆர்சிங்க்னு காப்பி பண்ற டூல்ல செக்சம் ஆப்ஷன் (ஃபைல் உள்ளடக்கத்தையே ஒப்பிடும்) போட்டு இன்னொரு வாட்டி ஓட்டுங்க, எதையும் புதுசா காப்பி பண்ணலைன்னா ரெண்டும் ஒண்ணுதான். அப்புறம் அந்த எக்ஸ்டெர்னல் டிஸ்க்கை வீட்ல வைக்காதீங்க.

மாட்டுங்கா மீடியா:
ஓட்டிட்டேன், 22ம் ஓகே. ஞாயித்துக்கிழமை டோம்பிவிலி சித்தி வீட்டுக்கு எடுத்துட்டு போறேன்.