வெளிப்புறத்தில் பேட்டரி ஃபிளாஷ் இடையிடையே எரியாமல் போகிறது: காரணம் என்ன?

கேள்வி (தண்டையார்பேட்டை)

அனைவருக்கும் வணக்கம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் சென்னை காசிமேட்டுத் துறைமுகத்தில் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். வலை சீரமைப்பவர்கள், படகுக்கு வர்ணம் பூசுபவர்கள், இன்ஜின் பழுது பார்ப்பவர்கள் ஆகியோரை அவரவர் வேலை செய்யும் இடத்திலேயே நிறுத்தி உருவப்படங்கள் எடுத்து வருகிறேன்.

200 வாட் செகண்ட் (ஒருமுறை எரியும் ஆற்றலின் அளவு) பேட்டரி ஃபிளாஷை 90 செ.மீ. சாஃப்ட்பாக்ஸில் (வெளிச்சத்தை மென்மையாக்கும் துணிக்கூடு) பொருத்தி, ஆளிடமிருந்து 2 மீட்டர் தள்ளி வைக்கிறேன். நேரம் காலை எட்டரை மணி, பின்னணி கடல். ஷட்டர் 1/2000, எஃப் 2.8, ஐஎஸ்ஓ 100, ஹை ஸ்பீட் சிங்க் (மிக வேகமான ஷட்டரிலும் ஃபிளாஷை எரியவைக்கும் முறை), ஃபிளாஷ் முழுத் திறனில். முதல் பத்துப் பன்னிரண்டு படங்களில் முகம் ஓரளவு வெளிச்சம் பெறுகிறது. அதன் பிறகு மூன்றுக்கு ஒன்று ஃபிளாஷே இல்லாததுபோல் இருண்டு விடுகிறது. ஆனால் வீட்டில் 1/160 ஷட்டரில், 1/16 திறனில் ஐம்பது முறை சோதித்தபோது ஒருமுறைகூடத் தவறவில்லை. படம் எடுக்கும்போது பேட்டரி அளவும் பாதிக்கு மேல்தான் காட்டுகிறது.

வலை பின்னும் பெரியவர் ஒருவர் வேலையை நிறுத்திவிட்டு எனக்காக வெயிலில் நின்றார். அவர் கண்ணை உயர்த்திப் பார்த்த அந்த ஒரு படம்தான் இருண்டு போயிற்று. அது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது. பேட்டரியை மாற்ற வேண்டுமா, டிரிகரை (கேமராவிலிருந்து ஃபிளாஷுக்கு ரேடியோ சைகை அனுப்பும் கருவி) மாற்ற வேண்டுமா என்று தெரிந்தவர்கள் சொல்லி உதவுங்கள்.

பதில் (வியாசர்பாடி)

எனக்கும் இப்படி நேர்ந்தது. பேட்டரி பழையதாகி, முழுத் திறனில் தாக்குப்பிடிக்க முடியாமல் இருந்தது. புதிய பேட்டரி வாங்கிய பிறகு சரியாயிற்று.

பதில் (பெரம்பூர்)

தம்பி, பேட்டரிக்குப் பணம் செலவழிப்பதற்கு முன் செலவில்லாத சோதனை ஒன்றைச் செய்து பாருங்கள். கணினியில் அன்றைய படங்களைத் திறந்து, ஒவ்வொரு இருண்ட படமும் அதற்கு முந்தைய படம் எடுத்து எத்தனை விநாடி கழித்து எடுக்கப்பட்டது என்று குறித்துக்கொள்ளுங்கள். இந்தத் திறனுள்ள ஃபிளாஷ்கள் முழுத் திறனில் ஒருமுறை எரிந்த பின் மீண்டும் தயாராக ஏறத்தாழ 2 விநாடி எடுத்துக்கொள்ளும். சூடேறிவிட்டால் தன்னைக் காத்துக்கொள்ள இன்னும் கூடுதல் நேரம் எடுக்கும். அதற்குள் நீங்கள் பொத்தானை அழுத்தினால் அது எரியாது, அல்லது குறைவாக எரியும். இருண்ட படங்கள் எல்லாம் 1, 2 விநாடி இடைவெளியில் வந்தவையாக இருந்தால் ஃபிளாஷில் பழுது இல்லை. அதன் மீது அளவுக்கு மீறிய சுமை இருக்கிறது என்று பொருள். ஐந்து விநாடி விட்டு எடுத்த படமும் இருண்டிருந்தால் டிரிகரையோ தொடர்பையோ சந்தேகிக்க வேண்டும்.

வீட்டில் நீங்கள் செய்த சோதனை இதைக் காட்டாது. 1/16 திறனில் ஃபிளாஷ் எளிதில் சோர்வதில்லை.

பதில் (திருவொற்றியூர்)

பெரம்பூர் அண்ணன் சொன்னதோடு, சுமை ஏன் இவ்வளவு ஏறுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். நம் கடற்கரையில் சூரியன் கடல் பக்கம்தான் எழுகிறது. காலையில் கடலைப் பின்னணியாக வைத்தால் வெயில் முழுவதும் ஆளின் முதுகில் விழும், முகம் நிழலில் இருக்கும். பின்னால் பளிச்சிடும் நீரோடு அந்த முகம் போட்டியிட வேண்டியிருப்பதால், நீங்கள் கேட்கும் வெளிச்சம் மிக அதிகம்.

அதோடு ஹை ஸ்பீட் சிங்க். சிங்க் வேகமான 1/200, 1/250 வரைக்கும் ஏதோ ஒரு கணத்தில் ஷட்டர் முழுவதுமாகத் திறந்திருக்கும். ஒரே மின்னல் போதும். அதற்கு மேல் ஷட்டரின் இரண்டு திரைகளுக்கு இடையே ஒரு கீற்று மட்டுமே நகர்ந்து செல்வதால், அது கடந்து முடிக்கும்வரை ஃபிளாஷ் விட்டுவிட்டுத் துடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வெளிச்சத்தில் பெரும்பகுதி திரையில் பட்டு வீணாகிறது. ஃபிளாஷின் குழல் விரைவில் சூடாவதும் இதனால்தான், அதிலும் மே மாத வெயிலில்.

நான் செய்வது இது. லென்ஸில் என்டி 8 ஃபில்டர் (வெளிச்சத்தைக் குறைக்கும் கருங்கண்ணாடி) போட்டால் வெளிச்சம் 3 ஸ்டாப் குறையும், அதாவது எட்டில் ஒரு பங்காகும். உங்கள் 1/2000, எஃப் 2.8 என்பதற்குப் பதிலாக 1/200, எஃப் 3.2 வைத்தால் பின்னணி அதே அளவில்தான் பதிவாகும், ஆனால் ஃபிளாஷ் சாதாரண முறையில் எரியும். ஃபில்டர் ஃபிளாஷ் வெளிச்சத்தையும் குறைக்கும் என்பது உண்மைதான்; அப்படியும் ஹை ஸ்பீட் சிங்கில் வீணாவதைவிட இழப்பு குறைவு. ஒரே சிரமம், வ்யூஃபைண்டர் இருண்டு தெரியும். இரண்டாவதாக, சாஃப்ட்பாக்ஸை 2 மீட்டரிலிருந்து 1 மீட்டருக்குக் கொண்டு வாருங்கள். தூரம் பாதியானால் முகத்தில் விழும் வெளிச்சம் நான்கு மடங்காகும், நிழலின் ஓரமும் மென்மையாகும். கடற்காற்றில் சாஃப்ட்பாக்ஸ் பாய்மரம் போல இழுக்கும். ஸ்டாண்டின் காலில் மணல் மூட்டை கட்டாமல் ஆளுக்கு இவ்வளவு அருகில் நிறுத்த வேண்டாம்.

கேள்வி கேட்டவர் (தண்டையார்பேட்டை)

அண்ணனுக்கும் அக்காவுக்கும் நன்றி. நேரத்தைக் குறித்துப் பார்த்தேன். இருண்ட 14 படங்களில் 11 படங்கள் முந்தைய படத்துக்குப் பின் 2 விநாடிக்குள் எடுத்தவை. எனவே பெரும்பாலும் சுமைதான். ஆனால் மூன்று படங்கள் எட்டு, பத்து விநாடி கழித்து எடுத்தும் இருண்டிருக்கின்றன. அவற்றுக்கு என்ன காரணம்?

பதில் (பெரம்பூர்)

டிரிகரைக் கழற்றி, அதன் அடிப்புறத்து முனைகளையும் கேமராவின் ஹாட் ஷூவையும் (டிரிகர் மாட்டும் மேற்புற இடம்) வெளிச்சத்தில் பாருங்கள். காசிமேடு, எண்ணூர்ப் பக்கம் அடிக்கடி படம் எடுப்பவர்களுக்கு உப்புக்காற்று அங்கேதான் முதலில் படியும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுக்குச்சியில் தொட்டுத் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகு மாட்டுங்கள். அதற்குப் பிறகும் தவறினால் டிரிகரிலும் ஃபிளாஷிலும் ஒரே வேறொரு சேனலுக்கு மாற்றிப் பாருங்கள், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் கைபேசி ஹாட்ஸ்பாட்டும் குறுக்கிடக்கூடும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றிவிடாதீர்கள். எது காரணம் என்று தெரியாமல் போய்விடும்.

கேள்வி கேட்டவர் (தண்டையார்பேட்டை)

முனைகளில் வெளுத்த படலம் இருந்தது. முதலில் அதை மட்டும் துடைத்துவிட்டு, பழைய அமைப்பிலேயே ஐந்து விநாடி இடைவெளி விட்டு 40 படங்கள் எடுத்தேன், ஒன்றும் தவறவில்லை. பிறகு என்டி 8 போட்டு, ஃபிளாஷை 1 மீட்டரில் வைத்தேன். இப்போது 1/4 திறனே முகத்துக்குப் போதுமானதாக இருக்கிறது, அடுத்தடுத்து அழுத்தினாலும் எரிகிறது. எனவே பேட்டரியை மாற்றவில்லை. ஒரு சிறு சந்தேகம்: வீடு திரும்பியவுடன் சூடாக இருக்கும் பேட்டரியை உடனே சார்ஜில் போடலாமா?

பதில் (திருவொற்றியூர்)

வேண்டாம். லித்தியம் அயான் பேட்டரி சூடாக இருக்கும்போது சார்ஜ் செய்தால் அதன் ஆயுள் குறையும். அறை வெப்பத்துக்கு ஆறிய பிறகு போடுங்கள். தடைக்காலம் முடிந்து சில வாரங்கள் ஃபிளாஷை எடுக்கப் போவதில்லை என்றால், ஏறத்தாழ பாதி சார்ஜில், ஃபிளாஷிலிருந்து கழற்றித் தனியாக வையுங்கள்.

கேள்வி கேட்டவர் (தண்டையார்பேட்டை)

அப்படியே செய்கிறேன், அக்கா. அந்தப் பெரியவரிடம் மறுபடியும் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை வரச் சொல்லியிருக்கிறார். மணல் மூட்டை தைத்துவிட்டேன்.