பாறைச் சுரங்கத்தில் பீறிடும் தண்ணீர்: அனுபவமுள்ளவர்கள் வழி சொல்லுங்கள்

வணக்கம். ரயில் சுரங்கப் பாதை வேலையில் இருக்கிறேன். இறக்கமாகக் குடைந்து போகிறோம். அதனால் கசியும் தண்ணீர் முழுக்க நாங்கள் துளை போடும் முகப்பிலேயே வந்து தேங்குகிறது. போன வாரம் சோதனைத் துளையிலிருந்து டிரில் ராடை உருவியதும் மணிக்கட்டுத் தடிமனுக்குத் தண்ணீர் பீறிட்டது. முதலில் தெளிவாக வந்தது, அரை மணி நேரத்தில் பழுப்பாகிவிட்டது. விரிசலுக்குள் இருக்கும் மண்ணையும் அரித்துக்கொண்டு வருகிறதோ என்பதுதான் என் பயம்.

தலைக்கு மேல் 100 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் சுமார் 10 பார் அழுத்தம். விரிசலை அடைக்க, அதை மீறித்தான் சிமென்ட் பாலைச் (தண்ணீரில் கரைத்த சிமென்ட்) செலுத்த வேண்டும். செலுத்தினோம், பக்கத்து விரிசல் வழியாக வெளியே வந்துவிட்டது. மைக்ரோஃபைன் சிமென்ட்டுக்கு (மிக நுண்ணிய துகள் சிமென்ட்) மாறலாமா, இல்லை பாலியூரித்தேன் (நுரைத்து இறுகும் ரசாயனம்) செலுத்தி ஓட்டத்தை அடக்கிவிட்டு, அப்புறம் சிமென்ட் போடுவது நல்லதா?

இன்னொன்று, ஈரப் பாறையில் ஷாட்கிரீட் (பீய்ச்சி அடிக்கும் கான்கிரீட்) பிடிக்காமல் தட்டுத் தட்டாக விழுகிறது. குழாய் பதித்துத் தண்ணீரைத் திருப்பியும் பாதிதான் சரியானது. பாறைத் தூள் சேறு பம்பை வேறு அடைக்கிறது. வண்டல் படியத் தனித் தொட்டி கட்டியவர்கள் அதன் அளவைச் சொல்லுங்கள். ஆட்கள் நின்று வேலை செய்யும் இடம், சீக்கிரம் பதில் வந்தால் பெரிய உதவி.