‘ருக்கா’வில் ‘ன்’ யார் போட்டது?

வேர்தேடி: நேற்று இங்கே ஒருவர் எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சலாக இருக்கிறது. கைக்கு ரஷ்ய மொழியில் ‘ருக்கா’, அதுதான் ஆதி ஸ்லாவிய (ரஷ்யம், போலிஷ், செக், செர்பியம் எல்லாவற்றுக்கும் தாயான மொழியின்) வடிவமாம், போலந்துக்காரர்கள்தான் பிற்பாடு ‘ன்’னைச் செருகி ‘ரென்கா’ ஆக்கினார்களாம். தலைகீழ்! ஆதி வடிவத்திலேயே மூக்கொலி உண்டு. ஸ்லாவியத்துக்கு நெருங்கிய உறவான லிதுவேனிய மொழியில் இன்றும் ‘ரன்கா’.

வோல்காக்கரை: எழுதியவன் நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம். ஆறு வருடம் ரஷ்யாவில் படித்தவன், அங்கே ஒருவர்கூட மூக்கால் ‘ருக்கா’ சொன்னதில்லை. செக், செர்பிய மொழிகளிலும் ‘ருக்கா’தான். லிதுவேனியாவும் போலந்தும் 1569 முதல் 1795 வரை ஒரே அரசு, ‘ன்’ அங்கிருந்து ஒட்டியிருக்கும்.

வேர்தேடி: ஓட்டுப் போட்டுத் தீர்மானிக்கிற விஷயமா இது? லிதுவேனியத்தில் ‘ரிங்க்தி’ என்றால் பொறுக்குவது, சேர்ப்பது. பொறுக்குகிற உறுப்பு ‘ரன்கா’. வினைச்சொல்லே வீட்டில் இருக்கும்போது எதற்குக் கடன்? லிதுவேனியத்தின் உறவான, வழக்கொழிந்த பழைய பிரஷ்ய மொழியிலும் ‘ரன்கோ’. ஹங்கேரியர்கள் ஸ்லாவியரிடம் புறாவுக்கு வாங்கிய சொல் ‘கலம்ப்’, அதுவே ரஷ்யத்தில் ‘கோலுப்’. வாங்கியபோது மூக்கொலி இருந்ததால்தானே அங்கே தங்கியது?

வார்சாவாசி: என் மகள் பள்ளி நோட்டில் ‘ரென்கா’ எழுதும்போது உயிரெழுத்தின் காலடியில் சின்னதாக ஒரு வால் போடுவாள். தனியாக ‘ன்’ எழுதினால் ஆசிரியை சிவப்பில் சுழித்துவிடுவார்.

வோல்காக்கரை: கேட்டீர்களா? ‘ன்’ எழுத்தே இல்லை!

வேர்தேடி: அந்த வால்தான் ஐயா மூக்கொலி! பழைய திருச்சபை ஸ்லாவியத்தில், அதாவது ஸ்லாவியரின் மிகப் பழைய எழுத்து மொழியில், இதற்கென்றே ‘பெரிய யூஸ்’ என்று ஓர் எழுத்து இருந்தது. 1056-57இல் ரஷ்ய மண்ணில் எழுதிய ஒஸ்த்ரோமிர் நற்செய்தி நூலிலேயே அதையும் ‘உ’வையும் மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறார்கள். அதாவது அவர்கள் வாயில் மூக்கொலி அதற்குள் போய்விட்டது. போனது ரஷ்யத்தில், வந்தது போலந்தில் இல்லை.

வார்சாவாசி: அப்புறம் இன்னொன்று, ‘ரென்கா’ தோள்வரைக்கும் சேர்த்துத்தான், நம் ‘கை’ மாதிரி.

வோல்காக்கரை: அப்படியானால் பொறுக்குவது தோளா? உங்கள் ‘ரிங்க்தி’ அங்கேயே விழுந்தது.

வேர்தேடி: விரலில் தொடங்கிய பெயர் தோள்வரை ஏறக் கூடாதா? போன மாதமும் இதே கதைதான். கண்ணுக்கு ரஷ்யர்கள் சொல்லும் ‘கிளாஸ்’தான் ஆதிச்சொல் என்று சாதித்தீர்கள், பழைய ‘ஓக்கோ’வைக் காட்டியதும் ஆளையே காணோம்.

வோல்காக்கரை: அன்றைக்கு எனக்குத் தேர்வு. ஓடிப்போனதாகச் சொன்னதற்கு முதலில் மன்னிப்புக் கேளுங்கள்.

வேர்தேடி: ‘ரன்கா’வின் ‘ன்’னுக்குப் பதில் சொல்லுங்கள், கேட்கிறேன்.

வோல்காக்கரை: சொல்லியாயிற்று. போலந்து.